ஏழாவது குழியில் ஒரு பிராணி

போன வாரம் ஸ்கூட்டிக்கு ஆயில் மாற்றுவதற்காகப் பெரம்பலூரில் வழக்கமாகப் போகும் மெக்கானிக் கடைக்குப் போயிருந்தேன். அந்தத் தம்பி பழைய ஆயிலை ஒரு டப்பாவில் பிடித்துக்கொண்டு, அடியில் மிச்சமிருந்ததை வாசலில் கிடந்த மணல் குவியலில் ஊற்றினான். காலை நேரம், வெயில் இன்னும் ஏறவில்லை. கறுப்பு எண்ணெய் ஈர மணலில் இறங்கியதும் ஒரு வாசனை வந்தது பாருங்கள்! போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தவள் அப்படியே கட் பண்ணிவிட்டு, மணல் பக்கம் குனிந்து மூச்சை நன்றாக இழுத்தேன்.

"என்னக்கா, ஏதாச்சும் கீழ வுழுந்துருச்சா?" என்றான்.

"இல்ல தம்பி. கோல்ஃப் வாசனை அடிக்குது."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கோல்ஃப் என்றதும் உங்களுக்கு மட்டும் என்ன ஞாபகம் வரும்? கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் புல், வெள்ளைக் கையுறை, பின்னாலேயே பை தூக்கிக்கொண்டு வர ஓர் ஆள். எங்கள் கிளப்பில் புல் கிடையாது, கையுறை கிடையாது. பை இருந்தது. சிமெண்ட் சாக்கில் தைத்த பை. அதையும் அவரவரேதான் தூக்கிக்கொள்ள வேண்டும்.

அது அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் கிளப். ஆலையின் பெயர் வேண்டாம். அந்தப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தால் ஏதாவது ஒரு சிமெண்ட் ஆலை மேல்தான் விழும், நீங்களே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். குரும்பலூரிலிருந்து கெமிஸ்ட்ரி பட்டத்தோடு போய் அதன் லேப்பில் சேர்ந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. மணிக்கொரு தரம் அரைத்த கல் மாவைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதில் சுண்ணாம்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். இப்போது சொந்தமாகத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிறேன். அன்றைக்குக் கல், இன்றைக்குத் தண்ணீர். பாட்டிலைக் குலுக்குவது மட்டும் மாறவில்லை.

ஆலை தொடங்கிய காலத்தில் வடக்கிலிருந்து வந்த ஒரு பெரிய மானேஜருக்குக் கோல்ஃப் இல்லாமல் சோறு இறங்காதாம். சுரங்கத்துக்கென்று வாங்கிப்போட்டுத் தோண்டாமல் விட்டிருந்த நிலம் ஒன்று குடியிருப்புக்குப் பின்னால் கிடந்தது. அடியில் நல்ல கல் இல்லை, வெறும் மண்தான் என்று அந்த நிலத்தைக் கைகழுவி விட்டிருந்தார்கள். அதில் அவர் ஏழு குழி வெட்டினார். ஏன் ஏழு என்று கேட்காதீர்கள். எட்டாவதுக்குப் போனால் அடுத்தவர் கடலைக் கொல்லை வந்துவிடும். மானேஜர் மாற்றலாகிப் போனபோது ஸ்டிக்குகளை விட்டுவிட்டுப் போனார். பைத்தியத்தையும் விட்டுவிட்டுப் போனார்.

குழியைச் சுற்றிப் பச்சைப்பசேலென்று வழவழப்பான புல் இருக்க வேண்டும் என்பது உலக வழக்கம். எங்கள் ஊரில் குடிக்கவே லாரித் தண்ணீர். அதனால் சுரங்கத்தில் கல் சுமக்கும் டம்பர் வண்டி ஒர்க்‌ஷாப்பிலிருந்து வடித்த பழைய ஆயிலை ஆற்று மணலில் கலந்து, வட்டமாகக் கொட்டி உருளையால் அழுத்திவிடுவார்கள். பந்து அதன் மேல் அழகாக உருளும். ஊரெல்லாம் அதற்குப் பெயர் 'கிரீன்', எங்களுக்கு 'பிரௌன்'. நடந்தால் காலடி பதிந்துவிடும் என்பதால், பந்தைக் குழிக்குத் தள்ளுவதற்கு முன்னால் ஒரு கோணிச்சாக்கை இழுத்து வழியைச் சமமாக்கிக்கொள்ளலாம். ஒரே ஒரு தரம்தான் இழுக்கலாம். இரண்டாம் தரம் இழுத்தால் சத்தம் போடுவார்கள்.

இந்த ஆயில் மணல் இருக்கிறதே, அது குளிர்காலத்துக்குத்தான் லாயக்கு. சித்திரையில் இளகிச் செருப்போடு வீட்டுக்கு வந்துவிடும். ஐப்பசி மழையில் கரைந்து ஓடிவிடும். மார்கழி, தை இரண்டு மாதம்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். அதனால் எங்கள் பெரிய போட்டி மார்கழி முதல் ஞாயிற்றுக்கிழமை தொடங்கிப் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை முடியும். அடேயப்பா, அந்த ஒரு மாதம் ஆலையே தலைகீழாகத்தான் நிற்கும்! சூளை நின்றால்கூட அவ்வளவு பேச்சு இருக்காது. கேன்டீனில் இட்லியை வைத்துக்கொண்டு யாராவது கரண்டியால் சுழற்றிக் காட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஜெயித்தால் என்ன கிடைக்கும்? ஆளுக்கொரு எவர்சில்வர் சாம்பார் வாளி. அதற்காக யாரும் ஆடவில்லை. கிளப் கொட்டகையின் சுவரில் ஒரு தேக்குப் பலகை மாட்டியிருந்தது. வருஷா வருஷம் ஜெயித்த ஜோடியின் பெயரை அதில் மஞ்சள் பெயிண்டால் எழுதுவார்கள். அந்தப் பலகைக்காகத்தான் அத்தனை சண்டையும்.

ஸ்டோர்ஸில் இருந்த அப்துல் கரீம் சார் அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் எல்லோருக்கும் ஒரு மாதிரி இருக்கும். லப்பைக்குடிக்காட்டுக்காரர். அவர் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் வளைகுடாவில் இருக்க, இவர் மட்டும் போல்ட்டு நட்டு எண்ணிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டார். பதினோரு வருஷம் ஆடியவர். நான்கு தரம் இறுதி ஆட்டம் வரை போய், நான்கு தரமும் கடைசித் தள்ளலில் கோட்டை விட்டவர். முதல் தரம் கண்ணில் வெயில் அடித்துவிட்டது. இரண்டாம் தரம் குளவி. மூன்றாம் தரம் சரியாகப் பந்தைத் தொடும் நேரத்தில் ஆலையின் எட்டு மணிச் சங்கு ஊதித் தொலைத்தது. நான்காம் தரத்துக்கு அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

நான் சொல்லும் வருஷம் அவருக்கு ஜனவரி கடைசியில் ரிட்டையர்மென்ட். அதற்கப்புறம் துபாயில் மகனோடு இருக்கப்போகிறார். பலகையில் பெயர் ஏற இதுதான் கடைசி வாய்ப்பு. ஜோடியைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். சீட்டுப் போடுவதற்கு எங்கள் லேப்பிலிருந்துதான் கண்ணாடிக் குடுவை போகும். குடுவையோடு என் பெயரும் உள்ளே போயிருந்தது. அது வேடிக்கையாகக் கொடுத்த பெயர். ஆறு மாதமாகச் சும்மா பழகிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். பழகியதில் கேன்டீன் டியூப்லைட் ஒன்று காலி.

"லேடீஸ்லாம் இதுல ஆடலாமா வைத்தி சார்?" என்று கேட்டார் சுந்தரமூர்த்தி சார். மெக்கானிக்கல் மானேஜர், மூன்று வருஷமாக அவர்தான் சாம்பியன்.

வைத்தி சார் என்பது டைம் ஆபீஸ் வைத்தியநாதன், கிளப் செக்ரட்டரி. விதிகளைக் கையால் எழுதிய ஒரு கட்டை நோட்டு அவரிடம் உண்டு. அதில் இருப்பதைவிட ஓர் எழுத்துக் கூடவும் மாட்டார், குறையவும் மாட்டார். நோட்டைப் பிரித்து விரலை ஓட்டினார்.

"'ஸ்டாஃப் மட்டும்'னு போட்டிருக்கு. அவங்க ஸ்டாஃப். ஆம்பள ஸ்டாஃப்னு போடல. புஸ்தகத்துல என்ன இருக்கோ அதான்."

அப்புறம் குடுவையில் கையை விட்டார். அப்துல் கரீம் என்று ஒரு சீட்டு. அடுத்த சீட்டைப் பிரித்தவர் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கரீம் சார் மட்டும் என்னைப் பார்க்கவில்லை, ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பார்த்தார்.

"யா அல்லா, கடைசி வருசத்துல என்னைய இப்படிச் சோதிக்கிறியே!"

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அறைக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. ஒரு மனுஷருடைய பதினோரு வருஷ ஆசை போயும் போயும் என் கையிலா வந்து மாட்ட வேண்டும்!

எங்கள் ஆட்டத்தில் ஜோடிக்கு ஒரே பந்து. ஓர் அடி அவர், அடுத்த அடி நான், மாற்றி மாற்றி. யார் குறைந்த அடியில் குழியில் போடுகிறார்களோ அவர்களுக்கு அந்தக் குழி. பந்து வெள்ளையாக இருந்தால் சுண்ணாம்புக் கல் பூமியில் தேடியே பொழுது போய்விடும், காலடியெல்லாம் சுரங்க வண்டிகள் சிந்திய வெள்ளைக் கல். அதனால் ஜோடிக்கு ஒரு நிறம் பூசிக்கொள்வோம். சுந்தரமூர்த்தி சார் பந்து நீலம். கரீம் சாரோ இரும்புக் கம்பிக்குத் துரு ஏறாமல் அடிக்கிற ரெட் ஆக்சைடு பூசிவிட்டார். ஸ்டோர்ஸில் டின் டின்னாகக் கிடந்தது அதுதான்.

"சார், செம்மண்ணுல வுழுந்தா தெரியாது சார், மஞ்சள் பூசலாமே," என்றேன்.

"பதினோரு வருசமா இதான் என் கலரு. இத மாத்த வேணாம் கெமிஸ்ட்டும்மா. நீ மொதல்ல பந்தைத் தொடு, அப்புறம் கலரப் பாக்கலாம்."

முதல் ஆட்டத்தில் மூன்று தரம் காற்றைத்தான் அடித்தேன், அவர் சொன்னதில் தப்பில்லை. அன்று எதிரில் ஆடியவர்கள் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக வந்திருந்தார்கள். ஸ்டிக்கை ஊன்றிக்கொண்டே தூங்கினார்கள். அப்படித்தான் நாங்கள் ஜெயித்தோம்.

அரையிறுதியில் சுரங்கத்து ஜியாலஜிஸ்ட் செல்வமணியின் ஜோடி. மீன்சுருட்டிக்காரர், கல்லைப் பார்த்தால் கையில் எடுக்காமல் நகர மாட்டார். அவர் அடித்த பந்து மேய்ந்துகொண்டிருந்த ஓர் ஆட்டின் முதுகில் பட்டுத் தெறித்துப் புதருக்குள் போனது. ஒழிந்தது பீடை என்று நாங்கள் சந்தோஷப்படுவதற்குள் வைத்தி சார் நோட்டைப் பிரித்துவிட்டார்.

"விதி பன்னெண்டு. 'பிராணி குறுக்கிட்டால் அந்த அடி கணக்கில் இல்லை. பந்து இருந்த இடத்திலிருந்தே திரும்ப அடிக்கலாம்.' அடிங்க செல்வமணி."

திரும்ப அடித்த அடி குழிக்கு ஒரு சாண் பக்கத்தில் போய் நின்றது. கரீம் சார் ஆட்டைத் திட்டினார், ஆட்டுக்காரரைத் திட்டினார், விதியை எழுதியவரையும் திட்டினார். அப்புறம் அடுத்த இரண்டு குழியையும் வெறியோடு ஆடி எடுத்துக்கொண்டார். ஆகக் கடைசியில், ஐயோ சாமி, நாங்கள் இறுதி ஆட்டத்தில்! எதிரில் சுந்தரமூர்த்தி சாரும் எலெக்ட்ரிக்கல் தாமஸ் சாரும்.

பொங்கல் கழிந்த ஞாயிறு. ஆறரை மணிக்கு ஆரம்பம். அப்படி ஒரு பனியை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, அப்புறமும் பார்த்ததில்லை. குடியிருப்பு முழுக்க சால்வையும் குரங்குத் தொப்பியுமாக வந்து நின்றது. கேன்டீன்காரர் வெண்பொங்கல் அண்டாவைக் கொட்டகை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். நெய் வாசனையும் ஆயில் வாசனையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறியது. இன்றைக்கும் வெண்பொங்கல் சாப்பிடும்போது ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருக்கும். அது பழைய ஆயில்தான்.

என்ன ஆச்சரியமோ, அன்றைக்கு என் கை நன்றாக வந்தது. காற்றை ஒரு தரம்கூட அடிக்கவில்லை. ஆறு குழி முடிந்தபோது ஆளுக்கு மூன்று. ஏழாவது குழிதான் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் சமன் என்றால் பட்டம் பழைய சாம்பியனுக்கே என்பது நோட்டில் இருக்கும் இன்னொரு விதி. ஆகவே நாங்கள் அந்தக் குழியை ஜெயித்தே ஆக வேண்டும்.

அவர்கள் முதலில் ஆடி நான்கு அடியில் போட்டுவிட்டார்கள். எங்கள் ஆட்டத்தில் ஒரு ஜோடி குழியை முடித்த பிறகுதான் அடுத்த ஜோடி தொடங்கும், ஸ்டிக் பற்றாக்குறை அப்படி. நாங்கள் மூன்றில் போட வேண்டும். கரீம் சார் பிஸ்மில்லா சொல்லி முதல் அடி அடித்தார். பந்து ஜிவ்வென்று பனிக்குள் போய் மறைந்தது. பிரௌனுக்கு முன்னால் குறுக்கே ஒரு சின்ன ஓடை, மழைத் தண்ணீர் அரித்தது. அதற்குள்தான் விழுந்த சத்தம் கேட்டது. கரீம் சாரும் மற்றவர்களும் பிரௌன் பக்கம் போய்விட, நான் மட்டும் ஓடைக்குள் இறங்கினேன்.

செம்மண் சுவர். கீழே செம்மண். பனி. ரெட் ஆக்சைடு! நான் அன்றைக்கே சொன்னேனே என்று பல்லைக் கடித்துக்கொண்டு தேடினேன். அப்பாடா, கிடைத்துவிட்டது. உருண்டையாக, செங்காவியாக, மேலெல்லாம் கோல்ஃப் பந்துக்குரிய புள்ளிகளோடு, பாதி மண்ணில் பதிந்து உட்கார்ந்திருந்தது. காலை ஊன்றிக்கொண்டு, குரும்பலூர்க் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு, ஒரே போடு!

ணங் என்று ஒரு சத்தம். முழங்கை வரை மின்சாரம் பாய்ந்தது. ஆனால் அது எழும்பிவிட்டது. எழும்பி ஓடையைத் தாண்டிப் பிரௌன் மேல் பொத்தென்று விழுந்து, உருண்டு, உருண்டு... மேலே நின்றவர்கள் போட்ட சத்தத்தில் ஓடைச் சுவரே உதிர்ந்தது.

"குழிக்குப் பக்கத்துல! நாலு விரக்கடைதான் இருக்கு!"

"மாஷா அல்லா! கெமிஸ்ட்டும்மா, நீ பொண்ணா புலியா!"

நான் கைகாலெல்லாம் மண்ணோடு மேலே ஏறி வந்தபோது சுந்தரமூர்த்தி சார் எனக்குக் கை கொடுக்கவே வந்துவிட்டார். இனிமேல் என்ன, கரீம் சார் கட்டை விரலால் தள்ளினால்கூட உள்ளே விழுந்துவிடும். மரியாதைக்காகக் கூட்டம் தள்ளி நின்றது. அவர் மட்டும் சாக்கை எடுத்துக்கொண்டு பனிக்குள் குழியிடம் போனார். குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை.

நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் ஒரு வெள்ளை நிழல்தான் தெரிந்தது. அந்த மனுஷர் ஸ்டிக்கை ஒரு தட்டுத் தட்டியிருந்தால் அது குழிக்குள் போயிருக்கும். கையை விட்டு எடுத்துப் பைக்குள் போட்டிருந்தால் எந்த ஜென்மத்திலும் யாருக்கும் தெரியாது. பதினோரு வருஷம், பலகை, துபாய், எல்லாம் அந்த நாலு விரல்கடைத் தூரத்தில் இருந்தது. எனக்கோ அப்போது எதுவுமே புரியவில்லை.

"வைத்தி," என்று கூப்பிட்டார். குரல் சின்னதாக வந்தது. "கொஞ்சம் இங்க வாங்க. இது நம்ம பந்து இல்ல."

எல்லோரும் ஓடினோம். கல். உருண்டையான ஒரு கல். மேலே பூவைப் பதித்த மாதிரி ஐந்து இதழ், இதழெல்லாம் ஊசியால் குத்தியது போலப் புள்ளி. நான் அடித்த இடத்தில் ஓர் ஓரம் பெயர்ந்திருந்தது. மூன்று தரம் வெயிலும் குளவியும் சங்கும் செய்ததை இந்தத் தரம் நான் செய்துவிட்டேன்!

"அப்ப ஒரு அடி வேஸ்ட்டு," என்றார் தாமஸ் சார், பாவமாகத்தான் சொன்னார். "இனிமே மூணுல முடியாது. சமன்தான் அதிகபட்சம்."

"சார், மன்னிச்சிருங்க சார்..." என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அட வுடும்மா. ரெட் ஆக்சைடு பூசுனது நான்தானே," என்றார் கரீம் சார். முகத்தைத் துடைக்கிற சாக்கில் கைக்குட்டையைக் கண்ணிலேயே வைத்திருந்தார்.

அப்போதுதான் செல்வமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கல்லைக் கையில் எடுத்தார். திருப்பினார். எச்சிலைத் தொட்டுத் தேய்த்தார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பிரசவ வார்டில் குழந்தையை வாங்குகிற அப்பா கெட்டார்!

"இது கல்லு இல்ல சார். கடல்ல உருண்டையா முள்ளு முள்ளா இருக்குமே, அந்தச் சீவன். இந்த இடமெல்லாம் கடலா இருந்தப்போ வாழ்ந்தது. செத்து, புதைஞ்சு, இப்படிக் கல்லா ஆயிருக்கு. சுரங்கத்துல உடைஞ்சதுதான் கெடைக்கும். முழுசா நான் பாத்ததே இல்ல!"

"சீவன்னா?" என்றார் வைத்தி சார்.

"பிராணிதான் சார்."

வைத்தி சார் நோட்டைத் திறந்தார். எனக்கு இன்றைக்கும் அந்தத் தாள் புரள்கிற சத்தம் கேட்கும். விதி பன்னிரண்டில் விரலை வைத்தார். ஒரு தரம் மனதுக்குள் படித்தார். இன்னொரு தரம் வாய்விட்டுப் படித்தார்.

"'பிராணி குறுக்கிட்டால் அந்த அடி கணக்கில் இல்லை.'"

"செத்த பிராணிங்க அது!" என்றார் சுந்தரமூர்த்தி சார். "கோடி வருசத்துக்கு மின்னாடி செத்தது!"

"உசிரோட இருக்கணும்னு இதுல போடலையே சார்."

"வைத்தி சார், இது நியாயமா?"

"நியாயம் எனக்குத் தெரியாது. புஸ்தகத்துல என்ன இருக்கோ அதான்."

சுந்தரமூர்த்தி சார் கல்லைப் பார்த்தார், கரீம் சாரைப் பார்த்தார். அப்புறம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டார். "அடிக்கச் சொல்லுங்கய்யா, அடிக்கச் சொல்லுங்க," என்று கையை ஆட்டினார். குடியிருப்பே கூச்சல் போட்டது.

நிஜப் பந்து அந்தக் கல் இருந்த இடத்துக்கு இரண்டடி தள்ளிக் கிடந்தது. இந்தத் தரம் முப்பது பேர் ஓடையைச் சுற்றி நின்றுகொண்டு, "பந்துதானா? நல்லாப் பாருங்க மேடம்! கிள்ளிப் பாருங்க!" என்று கத்தினார்கள். அடித்தேன். பந்து பிரௌனில் ஏறியது, ஆனால் ஓரத்தில். குழிக்குப் பத்தடி தூரம். நாலு விரல்கடை இருந்ததைப் பத்தடி ஆக்கிவிட்டேன் என்று தலையில் கை வைத்துக்கொண்டேன்.

கரீம் சார் சாக்கை இழுத்தார். ஒரே இழுப்பு, கோடு போட்ட மாதிரி. ஸ்டிக்கை வைத்துக்கொண்டு நின்றார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"என்ன சார்?"

"மணி என்ன கெமிஸ்ட்டும்மா?"

"எட்டாக ஒரு நிமிசம் சார்."

"ஊதட்டும்."

அந்த ஒரு நிமிஷத்தை நீங்கள் அங்கே வந்து நின்று பார்த்திருக்க வேண்டும். பனிக்குள் ஒரு கூட்டமே ஆலைச் சங்குக்காகக் காத்துக்கொண்டு நின்றது. ஊதியது. நீளமாக ஊதி, இழுத்து, அடங்கியது. அடங்கிய மறுநொடி அவர் தள்ளினார். பந்து ஆயில் மணலில் கறுப்பாக ஒரு தடம் போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல் போய், குழி விளிம்பில் ஒரு யோசனை யோசித்துவிட்டு உள்ளே விழுந்தது. டப். அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. அதற்கப்புறம் என்ன கேட்டது என்று எனக்கு ஞாபகம் இல்லை. கரீம் சாரைத் தோளில் தூக்கினார்கள். என்னைத் தூக்க எல்லோருக்கும் கூச்சமாக இருந்ததால் கேன்டீன்காரர் கை நிறைய முந்திரி போட்டு ஒரு தட்டுப் பொங்கல் கொடுத்தார்.

அவர் ரிட்டையராகிற அன்றுதான் பெயிண்டர் வந்தார். மாலையோடும் சாப்பாட்டுத் தூக்கோடும் கரீம் சார் பலகைக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தும் காய்கிற வரைக்கும் பார்த்தார். ஊர்ப் பெயரையும் சேர்த்துப் போடச் சொன்னார். பக்கத்தில் என் பெயர். பெயிண்டர் பிரஷைக் கழுவிக்கொண்டே, "கீழ எடம் நெறைய கெடக்கு சார். இன்னும் இருவது வருசம் எழுதலாம்," என்றார்.

எழுதவில்லை. அந்த வருஷ ஆடியிலேயே ஓடைப் பக்கம் துளை போடும் வண்டி வந்து நின்றது. அந்தப் பிராணி முழுசாகக் கிடைத்ததிலிருந்து செல்வமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுண்ணாம்புக் கல் இருக்கிற இடத்தில்தானே அது கிடைக்கும், வெறும் மண் என்று ஒதுக்கிய இடத்தில் எப்படி வந்தது? துளை போட்டுப் பார்த்தார்கள். கல் மாதிரியைச் சோதித்துப் பார்க்க எங்கே அனுப்புவார்கள்? எங்கள் லேப்புக்குத்தான். நானே குலுக்கி, நானே அளந்து, நானே எழுதினேன். முதல் தரமான சுண்ணாம்பு. எழுதும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எப்படியும் என்னைக்காவது தோண்டியிருப்பாங்க மேடம்," என்று செல்வமணி சமாதானம் சொன்னார். அடுத்த மார்கழியில் போட்டி இல்லை. அதற்கடுத்த மார்கழியில் மைதானமே இல்லை. கொட்டகையைப் பிரித்தபோது பலகை எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நல்ல தேக்கு, யார் வீட்டிலாவது கதவாகியிருக்கும். என்னிடம் மிஞ்சியது அந்தக் கல்தான். செல்வமணி போட்டோவும் அளவும் எடுத்துக்கொண்டு, "நீங்க அடிச்சது, நீங்களே வச்சுக்குங்க" என்று கொடுத்துவிட்டார். லேப் மேசையில் பில் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன்.

ஆயில் மாற்றிய வண்டியை வீட்டுக்குத்தான் ஓட்டினேன். ஆனால் மனசு ஒரு நிலையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அரியலூர்ப் பக்கம் கிளம்பிவிட்டேன். வேலி வரைக்கும்தான் விடுவார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளம். எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிற ஆழம், அடியில் பச்சைத் தண்ணீர், ஓரத்தில் டம்பர் வண்டி ஒன்று தீப்பெட்டி அளவில் ஊர்ந்தது. கரீம் சாருக்குப் போன் போட்டேன். மனைவி போன பிறகு துபாய் பிடிக்கவில்லை என்று லப்பைக்குடிக்காட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். காது கொஞ்சம் மந்தம், குரல் அதே குரல்.

"எங்க நிக்கிற கெமிஸ்ட்டும்மா?"

"நம்ம மைதானத்துல சார். இல்ல, மைதானம் இருந்த எடத்துல."

இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போது சொல்லிவிட்டேன். நான் அடித்த கல்லால்தான் துளை போட்டார்கள், நான் எழுதிய ரிப்போர்ட்டால்தான் தோண்டினார்கள், நீங்கள் ஜெயித்த மைதானத்தை நானே ஒழித்துவிட்டேன் சார் என்று. அவர் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன்.

"அப்ப நம்ம பேருக்குக் கீழ ஒருத்தன் பேரும் ஏறலன்னு சொல்லு," என்றார். "இன்னைய வரைக்கும் நாமதான் சாம்பியன். அல்ஹம்துலில்லா." சிரித்தார், சிரிப்போடு இருமினார். "ஏழாவது குழி தெரியுதா பாரு."

பார்த்தேன். கொட்டகை இருந்த மேடு, அதிலிருந்து நேராக, என் கால் இருக்கும் அதே மட்டத்தில், சாக்கு இழுத்த வழி, பிரௌன், குழி. எல்லாம் அந்தரத்தில் இருந்தது.

"குழி இருந்த எடத்துல ஒரு பருந்து சுத்திக்கிட்டு இருக்கு சார்."

"பிராணிதானே," என்றார் கரீம் சார். "திரும்ப அடிக்கலாம்மா. புஸ்தகத்துல இருக்கு."

சரி சார் என்றேன். பந்தை வைக்கத் தரை இல்லை என்று நான் சொல்லவில்லை.